"ஏரியா சேஃப்தானே?": குற்ற விகிதம் என்ற எண்ணை எப்படி வாசிப்பது

புறநகரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. போர்வெல்லில் நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா, மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா, அட்வான்ஸ் எத்தனை மாதம், பைக் நிறுத்த இடம் உண்டா. எல்லாம் கேட்டு முடித்து, படியிறங்கிச் செருப்பு மாட்டும்போதுதான் கடைசிக் கேள்வி வரும்: "ஏரியா சேஃப்தானே?" தரகர் யோசிக்கவே மாட்டார். "எல்லாம் ஃபேமிலிங்க சார், ஒரு பிரச்சினையும் கிடையாது." அதோடு பேச்சு முடிந்துவிடும்.

என் சித்தி மகளுக்கு அந்தப் பதில் போதவில்லை. அவளுக்கு ஷிப்ட் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீடு திரும்ப இரவு ஒன்பதேகால் ஆகிவிடும். தாம்பரம் பக்கம் இரண்டு நகர்களில் வீடு பார்த்து வைத்திருந்தாள். அதில் ஒன்றைப் பற்றி யாரோ அனுப்பிய செய்தித் துணுக்கை எனக்குத் தள்ளிவிட்டாள். அந்தப் பகுதியில் வீடு புகுந்து திருடுவது ஒரே வருடத்தில் 100 சதவீதம் கூடிவிட்டதாம். "அண்ணா, இது என்ன கணக்கு? போலாமா, வேண்டாமா?" என்று கேட்டாள். அவளுக்கு போனில் சொன்னதும், பிறகு கூடவே நடந்து காட்டியதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சூத்திரம். ஒரு பகுதியில் ஒரு வருடத்தில் பதிவான வழக்குகளை அங்கே வசிப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு லட்சத்தால் பெருக்கினால் வருவதே குற்ற விகிதம். 40 ஆயிரம் பேர் வசிக்கும் இடத்தில் 20 திருட்டு வழக்குகள் என்றால் லட்சம் பேருக்கு 50. இரண்டு லட்சம் பேர் வசிக்கும் இடத்தில் 60 வழக்குகள் என்றால் லட்சத்துக்கு 30. எண்ணிக்கையில் இரண்டாவது இடம் மூன்று மடங்கு, விகிதத்தில் முதல் இடமே அதிகம். பெரிய ஊரையும் சின்ன ஊரையும் ஒரே தராசில் வைக்கத்தான் இந்த ஏற்பாடு. நாடு முழுவதற்குமான கணக்கை தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டறிக்கையாக வெளியிடுகிறது. அந்த வரிசை 1953இல் தொடங்கியது. 2022க்கான அறிக்கைப்படி நாட்டில் பதிவானவை 58,24,946 வழக்குகள், லட்சம் பேருக்கு 422.2.

வகுத்தல் கணக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். மேலே என்ன எழுதுகிறார்கள், கீழே என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

மேலே இருப்பது குற்றம் அல்ல, வழக்கு

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் வீட்டு போர்டிகோவில் இருந்த அரை ஹெச்.பி. மோட்டாரை ராத்திரியில் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்காக. காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. காவல் நிலையம் போனேன். எழுத்தர் மோட்டாருக்கு பில் இருக்கிறதா என்றார். பத்து வருடப் பழைய மோட்டாருக்கு யார் பில் வைத்திருப்பார்கள்? கடைசியில் புகாரை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார். அதன் பெயர் சி.எஸ்.ஆர். புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு அது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். என்கிற முதல் தகவல் அறிக்கை வேறு. அது பதிவானால்தான் வழக்கு, வழக்கானால்தான் கணக்கு. என் மோட்டார் திரும்பி வரவில்லை, எஃப்.ஐ.ஆரும் வரவில்லை. அந்த வருடத்துப் புள்ளிவிவரத்தைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் எதுவும் நடக்கவில்லை.

அதே வாரம் இரண்டு தெரு தள்ளி ஒருவருடைய பைக் காணாமல் போனது. அதற்கு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். போலீசுக்கு பைக் மேல் தனிப் பாசம் ஒன்றும் கிடையாது. எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது என்பதால் வண்டிக்காரர் விடாமல் நச்சரிப்பார். அதனால் வாகனத் திருட்டு எண்ணிக்கை நிஜத்துக்கு ஓரளவு பக்கத்தில் நிற்கும். பேருந்தில் பறிபோன செல்போன், "தவறவிட்டது" என்று எழுதிக் கொடுக்கப்பட்டு, சிம் கார்டு மட்டும் புதிதாக வாங்கியதோடு முடிந்துபோகும். இரண்டும் திருட்டுதான். ஆனால் கணக்கில் ஏறுகிற வாய்ப்பு ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும்.

சட்டம் இதை அனுமதிக்கிறதா என்றால், இல்லை. போலீஸ் தானே விசாரிக்கக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் சொல்லிவிட்டது. நடைமுறையில் சி.எஸ்.ஆர். சீட்டு ஒரு பார்க்கிங் இடம் மாதிரி ஆகிவிட்டது. சில புகார்கள் அங்கிருந்து எஃப்.ஐ.ஆர். ஆகும், சில அங்கேயே துருப்பிடிக்கும்.

இதன் விளைவு வேடிக்கையானது. புகாரை ஒழுங்காகப் பதியும் ஆய்வாளர் ஒரு நிலையத்துக்கு மாற்றலாகி வந்தால், அந்தப் பகுதியில் "குற்றம் கூடிவிடும்". கேரளத்தையும் பீகாரையும் பாருங்கள். மொத்தக் குற்ற விகிதத்தில் கேரளம் பல வருடங்களாக பீகாரைவிட மிக உயரத்தில் இருக்கிறது. கொலை விகிதத்தில் நேர் தலைகீழ். பிணத்தைச் சி.எஸ்.ஆர். சீட்டில் மறைக்க முடியாது. அதனால் கொலை எண்ணிக்கைதான் ஊருக்கு ஊர் ஒப்பிட ஓரளவு நம்பகமானது. கேரளத்தில் மக்கள் நிலையத்துக்குப் போகிறார்கள், அங்கே பதிகிறார்கள் என்பதைத்தான் மற்ற எண் பெரும்பாலும் சொல்கிறது.

பதியாமல் போவது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு வழி, வீடு வீடாகப் போய் "போன வருடம் உங்களுக்கு என்ன திருடுபோனது, போலீசில் சொன்னீர்களா" என்று கேட்பது. அமெரிக்காவில் அரசே 1973 முதல் இப்படிக் கேட்டு வருகிறது. அங்கேயே சொத்து சம்பந்தப்பட்ட குற்றங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் போலீஸ் வரை போகிறது. இங்கே சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கேட்ட ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. பொருளைத் திருட்டில் பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோர் எஃப்.ஐ.ஆர். வரை போகவே இல்லை என்பதுதான் அதிலும் தெரிந்தது.

எண் எப்படி ஏமாற்றும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2020. அந்த வருடம் நாடே வீட்டுக்குள் பூட்டிக் கிடந்தது. ஆனால் குற்ற விகிதம் 385.5இலிருந்து 487.8க்குத் தாவியது. காரணம், ஊரடங்கு உத்தரவை மீறி வெளியே வந்ததற்குப் போட்ட 188ஆம் பிரிவு வழக்குகள். 2019இல் 29,469 ஆக இருந்தவை 2020இல் 6,12,179 ஆயின. மளிகைக்கடைக்குப் போனவரும் அதில் உண்டு. அதே வருடம் திருட்டு வழக்குகள் பெரிய அளவில் குறைந்தன. வீட்டில் ஆள் இருந்தால் திருடன் வருவதில்லை என்று நம் பாட்டிகள் சொன்னதுதான். மொத்த எண்ணை மட்டும் பார்த்தவருக்கு இந்தியா அந்த வருடம் காடாகிவிட்டது போலத் தெரிந்திருக்கும்.

இப்போது இன்னொரு மேடு தாண்ட வேண்டியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. செயின் பறிப்பு, செல்போன் பறிப்பு போன்றவற்றுக்கு அதில் 304 என்று தனிப் பிரிவே இருக்கிறது. முன்பு அவை எழுதுகிறவர் கையைப் பொறுத்து திருட்டிலோ வழிப்பறியிலோ போய்ச் சேரும். ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான திருட்டை, நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றமாகவும் புதிய நடைமுறைச் சட்டம் ஆக்கியிருக்கிறது. என் பழைய மோட்டார் இன்று போயிருந்தால் அந்த வகையில் விழுந்திருக்கலாம். ஆகவே 2023ஐயும் 2025ஐயும் பக்கத்தில் வைத்து "சில்லறைத் திருட்டு குறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், மாறியது திருடர்களா சட்டப் பிரிவா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

கீழே இருப்பது 2011

வகுக்கும் எண்ணுக்கு வருவோம். இந்தியாவில் கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011இல் எடுத்தது. 2021இல் வர வேண்டியது வரவில்லை. நாடு, மாநிலம் என்ற அளவில் உத்தேசமாக வளர்த்துக் கணக்கிட்ட மக்கள்தொகையைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பெருநகரங்களுக்கான அட்டவணையில் ஆவணக் காப்பகம் 2011 எண்ணையே வைத்து வகுக்கிறது. சென்னைக்கு அது சுமார் 87 லட்சம்.

புறநகரில் இதன் பலனை நினைத்துப் பாருங்கள். பழைய தாம்பரம் நகராட்சியில் 2001இல் 1,37,933 பேர், 2011இல் 1,74,787 பேர். அதற்குப் பிறகு எத்தனை அடுக்குமாடிகள் எழும்பின என்று ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்தில் போனாலே தெரியும். ஜனம் கூடக் கூட வழக்கும் கூடும். கீழே இருக்கும் எண் மட்டும் அசையாமல் நின்றால், வகுத்து வரும் விகிதம் ஊர் கெட்டுப்போன மாதிரி காட்டும். வேகமாக வளரும் புறநகர்கள் எல்லாவற்றுக்கும் இந்த அவப்பெயர் உண்டு.

எல்லைக் கோடுகளும் நகர்கின்றன. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. 2022 ஜனவரி 1 அன்று தாம்பரம், ஆவடி காவல் ஆணையரகங்கள் தனியாகச் செயல்படத் தொடங்கின. 'தாம்பரத்தில் குற்றம்' என்று 2020இல் சொன்ன தாம்பரமும் 2023இல் சொன்ன தாம்பரமும் ஒரே தாம்பரம் அல்ல.

இன்னும் ஒன்று. விகிதத்தில் வகுக்கப்படுவது அங்கே தூங்குகிறவர்களின் எண்ணிக்கை, நடமாடுகிறவர்களின் எண்ணிக்கை இல்லை. பேருந்து நிலையத்தையும் காய்கறி மார்க்கெட்டையும் ஒட்டிய வார்டில் வசிப்பவர் கொஞ்சம், வந்து போகிறவர் ஆயிரக்கணக்கில். அங்கே நடக்கும் பிக்பாக்கெட் எல்லாம் அந்தச் சின்ன மக்கள்தொகையின் தலையில் விழும். மறுபக்கம், ரயிலிலும் நடைமேடையிலும் நடப்பவை ரயில்வே போலீசின் கணக்குக்குப் போய்விடும், உள்ளூர் காவல் நிலையத்தின் கணக்கில் தெரியாது.

அந்த 100 சதவீதம்

சித்தி மகள் அனுப்பிய துணுக்கைத் திரும்பப் படித்தேன். கடைசிப் பத்தியில் ஒளிந்திருந்தது நிஜ எண். போன வருடம் இரண்டு, இந்த வருடம் நான்கு. இரண்டு நான்கானால் 100 சதவீதம்தான், கணக்கில் தப்பில்லை.

ஒரு காகிதத்தில் பன்னிரண்டு மாதங்களைக் கட்டமாகப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நான்கு புளியங்கொட்டைகளை வீசுங்கள். ஏதாவது ஒரு மாதத்தில் இரண்டு விழலாம், பல மாதம் காலியாக இருக்கும். யாரும் திட்டம் போடவில்லை. சராசரியாக வருடத்துக்கு நான்கு வீடு உடைபடும் இடத்தில் ஒரு வருடம் இரண்டும் மறுவருடம் ஆறும் வருவது வெறும் தற்செயலாகவே நடக்கக்கூடியது. எண் சின்னதாக இருக்கும்போது சதவீதம் குதிக்கும். ஒரு நகர், ஒரு வார்டு என்ற அளவில் வருடத்துக்கு வருடம் ஒப்பிடுவதே வீண். மூன்று முதல் ஐந்து வருடத்தைச் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். அப்படியும் ஏறிக்கொண்டே போனால் கவலைப்படலாம்.

எந்தக் குற்றம்?

போலீஸ் வட்டாரத்தில் சொத்து சம்பந்தப்பட்ட குற்றங்களுக்கு என்று தனிப் பட்டியல் உண்டு: ஆதாயக் கொலை, கூட்டுக்கொள்ளை, வழிப்பறி, கன்னக்களவு, திருட்டு. கன்னம் வைத்து சுவரைத் துளைக்கிற காலம் போய்விட்டாலும், பூட்டை உடைத்து உள்ளே போவதற்கு அந்தப் பழைய பெயரே நிலைத்துவிட்டது. அதிலும் பகல் கன்னக்களவு, இரவு கன்னக்களவு என்று பிரித்து எழுதுவார்கள். ஏனென்றால் பகலில் வருகிறவர் வேறு, இரவில் வருகிறவர் வேறு. வீடு பார்க்கப் போகிறவருக்கு இந்தப் பிரிவுதான் உபயோகம். மொத்த எண் அல்ல.

பகுதிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது பெரும்பாலும் கொலைச் செய்தி. 2022இல் நாட்டில் 28,522 கொலை வழக்குகள் பதிவாயின. அவற்றில் தகராறு காரணமாக 9,962, முன்விரோதம் காரணமாக 3,761. பணம், நகை ஆதாயத்துக்காக நடந்தவை 1,884, அதாவது நூற்றுக்கு ஏழுகூட இல்லை. இரண்டு கோஷ்டிகளுக்குள் நடந்த வெட்டுக்குத்து நாலாம் பக்கத்தில் பெரிதாக வரும். அது அந்த ஊருக்கு அவமானம், சட்டம் ஒழுங்குக்குக் கேடு. ஆனால் புதிதாகக் குடிவரும் உங்கள் வீட்டு நிலைமையைப் பற்றி அது சொல்வது ரொம்பக் கொஞ்சம்.

பெண்களுக்கு எதிரான குற்றங்கள் என்ற தலைப்பைத் திறந்தால் இன்னொன்று தெரியும். 2022இல் பதிவானவற்றில் மிகப் பெரிய பங்கு, 31.4 சதவீதம், கணவரோ கணவர் வீட்டாரோ செய்த கொடுமை. தெருவைப் பற்றிய கேள்விக்கு அதில் பதில் கிடையாது, அது கதவுக்கு உள்ளே இருக்கும் விஷயம்.

பாதுகாப்பு என்றால் திருடன் மட்டும்தானா என்றும் கேட்டுக்கொள்ளலாம். அதே 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். கொலை வழக்குகளின் எண்ணிக்கையைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. பிள்ளை பள்ளிக்கூட வேனுக்கு எந்த இடத்தில் சாலையைக் கடக்க வேண்டும் என்பதைத் தரகரிடம் யாரும் கேட்பதில்லை.

இரவு ஒன்பதேகாலுக்கு ஒரு நடை

இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டதில் இரண்டு மூன்று விஷயங்கள் சாதாரண மனிதருக்கு நேரடியாக உதவும். அமெரிக்காவைச் சேர்ந்த கோஹென், ஃபெல்சன் என்ற இருவர் 1979இல் சொன்னது: திருட நினைக்கும் ஆள், தோதான பொருள், கவனிக்க ஆளில்லாத நிலை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சந்தித்தால்தான் குற்றம் நடக்கும். ஒன்று விலகினால் போதும். பத்து வருடம் கழித்து மினியாபொலிஸ் நகரத்தில் லாரன்ஸ் ஷெர்மன் என்பவரின் குழு போலீசுக்கு வந்த அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்தது. ஊரில் உள்ள முகவரிகளில் ஏறத்தாழ 3 சதவீதத்திலிருந்துதான் பாதி அழைப்புகள் வந்திருந்தன. அதாவது 'மோசமான ஏரியா' என்று நாம் சொல்வதில் பெரும்பாலான தெருக்கள் சும்மாதான் கிடக்கின்றன. ஒரு மூலை, ஒரு கடை வாசல், ஒரு சந்துதான் மொத்தப் பெயரையும் கெடுக்கிறது.

மூன்றாவது, ஒரு வீடு உடைபட்டால் அடுத்த சில வாரங்களுக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஆபத்து கூடுதல். பல நாடுகளில் சரிபார்த்த விஷயம் இது. தெருவையும் தப்பிக்கும் வழியையும் பழகிக்கொண்ட ஆள் திரும்ப அங்கேயே வருவது எளிது. பக்கத்து வீட்டில் திருட்டு என்றால் "நமக்கு இனி வராது" என்று நினைப்பது தப்புக் கணக்கு. பூட்டு மாற்ற வேண்டிய வாரம் அதுதான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, சித்தி மகளிடம் அவள் திரும்பி வரும் நேரத்துக்கே பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்து பார்ப்போம் என்றேன். முதல் நகரில் தெரு அகலம், தார் புதிது, இரண்டு பக்கமும் எட்டடி மதில். ஒரு ஜன்னல்கூடத் தெருவைப் பார்க்கவில்லை. ஒன்பது நிமிடம் நடந்ததில் எங்களுக்கு எதிரே வந்தது ஒரு நாய். இரண்டாவது நகர், அதாவது அந்த 100 சதவீத நகர், பார்க்க அழகில்லை. முனையில் டீக்கடை, அதைத் தாண்டி மாவுக்கடை, வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிறவர். பழைய வீடுகள், திண்ணையில் ஒரு தாத்தா. பதினோரு மின்கம்பங்களை எண்ணினோம். எட்டு எரிந்தன. ஏழாவது கம்பம் அணைந்திருந்த இடத்தில் இரண்டு காலி மனைகள், சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு. இவள் அங்கே மட்டும் வேகமாக நடந்தாள். அவளாகவே கவனித்து, "இதுதான் அண்ணா அந்த மூணு பர்சென்ட்" என்றாள்.

இஸ்திரி போடுகிறவரிடம் பேச்சுக் கொடுத்தோம். காவல் நிலையத்தில் கிடைக்காத தகவல் அவரிடம் இருந்தது. நான்கு திருட்டில் மூன்று கடைசித் தெருவில், மூன்றும் மே மாதத்தில், மூன்றும் ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடந்த வீடுகள். "பால் பாக்கெட்டு கேட்டுல ரெண்டு நாளா தொங்கிச்சுன்னா எவனுக்கும் தெரிஞ்சிரும்மா" என்றார். செயின் பறிப்பு ஒன்று, விடியற்காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம். கோலம் போட உட்கார்ந்தால் தலை குனிந்திருக்கும், முதுகு தெருவைப் பார்த்திருக்கும், தெருவில் ஆள் இருக்காது. மூன்று நிபந்தனையும் அந்த ஐந்தரை மணியில் கூடிவிடுகிறது.

நகர் நலச் சங்கச் செயலாளரையும் பார்த்தோம். கேமராக்களைப் பெருமையாகக் காட்டினார். சென்னையில் ஏ.கே.விஸ்வநாதன் காவல் ஆணையராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்று பெயரிட்டுத் தெருவெங்கும் கேமரா பொருத்தச் சொன்னதிலிருந்து புறநகர்ச் சங்கங்களுக்கும் அந்த ஆர்வம் வந்துவிட்டது. திருடனைப் பிறகு அடையாளம் காணக் கேமரா நிஜமாகவே கைகொடுக்கும். ஆனால் எத்தனை வேலை செய்கிறது, எத்தனை நாள் பதிவு நிற்கும், பார்க்க வேண்டுமானால் யாரிடம் போக வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்டோம். பதினாறில் ஒன்பது ஓடுகிறது. பாஸ்வேர்டு அவருடைய மருமகனிடம். மருமகன் பெங்களூரில்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்ததும் அவளுக்குப் பயம் இரண்டு மடங்கானது. வேறு மாநிலத்தில் எடுத்த கேமரா காட்சி 'நம்ம ஏரியா' என்று சுற்றுகிறது. ஒரு சைக்கிள் காணோம் என்றதும் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் படம் எடுத்துப் போடுகிறார்கள். இதைச் சின்ன விஷயமாக விட முடியாது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் பரவியிருந்த நேரம், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்றை, அவர்கள் ஒரு குழந்தைக்கு சாக்லேட் கொடுத்ததைப் பார்த்த ஊரார் அடித்தார்கள். 65 வயதுப் பெண் இறந்துபோனார். அந்தக் கிராமத்தில் அன்று நடந்த குற்றம் அது ஒன்றுதான்.

நீங்களே பார்க்க

எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றங்கள் போன்ற உணர்வுபூர்வமானவை மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்கும் வசதி இருக்கிறது. பொறுமை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நல்ல சித்திரம் கிடைக்கும்.

இன்னொரு வழி தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் அவகாசம். "உங்கள் நிலைய எல்லையில் குற்றம் எத்தனை" என்று கேட்டால் மொத்த எண்ணைத் தந்து அனுப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: கடந்த ஐந்து வருடங்களில், வருடவாரியாக, பகல் கன்னக்களவு, இரவு கன்னக்களவு, வழிப்பறி, செயின் பறிப்பு, வாகனத் திருட்டு ஒவ்வொன்றிலும் எத்தனை எஃப்.ஐ.ஆர்.; திருட்டுப் புகாருக்குக் கொடுத்த சி.எஸ்.ஆர். எத்தனை, அவற்றில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆயின. கடைசி இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளம்தான் அந்த நிலையத்தின் குற்ற விகிதத்தை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும்.

ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் பூட்டிய வீட்டை ரோந்தில் சேர்த்துக்கொள்வார்கள். 2022இல் வந்த 'காவல் உதவி' செயலியை இறக்கி வைத்துக்கொள்ளலாம், அவசரத்துக்கு 100 அல்லது 112. எந்த நகரில் குடியிருந்தாலும் மாறாத ஆபத்து ஒன்று போன் வழியாக வருகிறது: ஆன்லைன் பண மோசடி. பணம் போனதும் முதல் வேலையாக சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கிலிருந்து கணக்குக்கு ஓடிவிடும்.

சித்தி மகள் இரண்டாவது நகரில்தான் வீடு எடுத்திருக்கிறாள், முதல் மாடி, நடுத்தெரு. குடிவந்த வாரமே கம்பத்தில் எழுதியிருந்த எண்ணைக் குறித்து மாநகராட்சியில் புகார் செய்தாள். பதினோரு நாள் கழித்து இரவு ஒன்பதரைக்கு எனக்கு ஒரு படம் வந்தது: ஏழாவது கம்பம் எரிகிறது, கீழே சீமைக்கருவேலம் அப்படியே நிற்கிறது. தகவல் உரிமை மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. பாஸ்வேர்டு இன்னும் பெங்களூரில்தான் இருக்கிறது.